இல்லம் திரும்பிய இமாம் – ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் கஸ்ஸாலி (ரஹ்)

அல்லாஹ்வை நெருங்க விரும்புகிறவன் வீட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும் என்றொரு எண்ணம் நம்மில் பலருடைய உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. கடையும் கணக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மனதை அலைக்கழிக்கின்றன, தொழுகையில் நின்றாலும் உள்ளம் நிற்பதில்லை என்று நம்மிடம் முறையிடும் சகோதரர்கள் உண்டு. பொழுதெல்லாம் அடுப்படியிலேயே கழிந்துவிடுகிறது, நிம்மதியாக ஒரு யாசீன் ஓத முடியவில்லை என்று கண் கலங்கும் தாய்மார்களும் உண்டு. ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்துவிட்டு, பெருநாள் கழிந்ததும் அந்த உணர்வெல்லாம் எங்கே போயிற்று என்று வருந்துகிறவர்களையும் நாம் பார்க்கிறோம். இவர்கள் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுடையது. அவர்கள் பக்தாதை விட்டு வெளியேறிய வரலாற்றைப் பலரும் பயான்களில் கேட்டிருப்பீர்கள். அவர்கள் வீடு திரும்பிய வரலாற்றைக் கேட்டவர்கள் குறைவு. எனவே அதனையே நாம் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்று அது ஈரான் நாட்டில் உள்ளது. அவர்களின் தந்தை கம்பளி நூற்று வாழ்ந்த எளிய மனிதர் என்று சரிதை நூல்கள் கூறுகின்றன. மரணம் நெருங்கியபோது அவர் தம் மக்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, கையிலிருந்த சிறு தொகையையும் கொடுத்துச் சென்றார். அத்தொகை தீர்ந்ததும் அந்த நல்லவர், தம்மிடம் வேறு வசதி இல்லாததால், உணவும் கல்வியும் ஒருசேரக் கிடைக்கும் மத்ரஸாவில் சேருமாறு பிள்ளைகளை அனுப்பிவைத்தார். வறுமை கொண்டு சேர்த்த மத்ரஸாவிலிருந்து ஒரு ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் தோன்றியது அல்லாஹ்வின் நாட்டம்.

தூஸிலும் ஜுர்ஜானிலும் ஓதியபின் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் கல்வி பயின்றார்கள். ஹிஜ்ரி 478-ல் ஆசிரியர் வபாத்தானதும் அமைச்சர் நிஜாமுல் முல்கின் அவைக்குச் சென்றார்கள். அங்கு நடந்த விவாதங்களில் அவர்களை வெல்ல எவராலும் இயலவில்லை. ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமை ஆசிரியரானார்கள். அப்போது வயது முப்பத்து மூன்றுதான். முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் அவையிலும் மதிப்பு, அமைச்சர்களிடத்திலும் செல்வாக்கு. ஓர் ஆலிமுக்கு உலகம் கொடுக்கக்கூடிய எல்லாம் கிடைத்துவிட்டது.

இந்நிலையில்தான் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா? நேர்மையாக ஆராய்ந்தபோது கிடைத்த விடை அவர்களை நடுங்கச் செய்தது. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதங்கள் போவதா இருப்பதா என்று தவித்தார்கள். ஒரு நாள் புறப்படத் துணிவார்கள், மறுநாள் உறுதி குலைந்துவிடும். இறுதியில் நாவே கட்டுண்டு போயிற்று. பாடம் நடத்த வாய் திறந்தால் சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை. இது உடலின் நோயன்று, உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டார்கள்.

அதே ஆண்டு துல்கஅதா மாதம் (கி.பி. 1095 நவம்பர்) பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். மக்காவுக்குச் செல்வதாக வெளியில் தெரிவித்தார்கள். உள்ளத்தில் நாடியிருந்தது ஷாம் தேசத்தை. உண்மை தெரிந்தால் கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இமாம் அவர்கள் தம்மிடமிருந்த பொருளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தபோது, பிள்ளைகளின் உணவுக்குப் போதுமான அளவை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். இராக்கின் வருவாய் முஸ்லிம்களுக்கென வக்ஃபு செய்யப்பட்டது, ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்காக எடுத்துக்கொள்ள அதனைவிடத் தகுந்த பொருள் வேறில்லை என்று மார்க்கக் காரணத்தையும் கூறினார்கள். உள்ளம் எரிந்துகொண்டிருந்த வேளையிலும் ஃபிக்ஹை அவர்கள் மறக்கவில்லை. வீட்டாருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு வழி செய்யாமல் தவக்குலின் பெயரால் கிளம்பிச் செல்கிறவர்கள், கஸ்ஸாலி இமாமைத் தமக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம்.

ஷாமில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார்கள். திமிஷ்கின் உமைய்யாப் பள்ளிவாசலின் மனாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருப்பார்கள். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவினுள்ளும் அவ்வாறே. அல்கலீல் நகரில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, அரசர்களின் பொருளை ஏற்பதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, விவாதம் புரிவதில்லை என்று உறுதி பூண்டார்கள். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றி மதீனாவிலும் ஜியாரத் செய்தார்கள்.

நம் பயான்களில் வரலாறு பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். மனாராவும் தாழிட்ட கதவும் கேட்பவர் உள்ளத்தில் பதிந்துவிடும். ஆனால் இமாம் அவர்கள் தம் சுயசரிதையான அல்முன்கித் மினள் ளலால் நூலில் அடுத்துக் கூறுவதைப் பாருங்கள். திரும்பி வருவதைப் பற்றிய எண்ணமே இல்லாதிருந்த தம்மைப் பிள்ளைகளின் அழைப்பு ஊரை நோக்கி இழுத்துவிட்டது என்கிறார்கள். எந்த மன்னரின் ஆணையும், எந்த மத்ரஸாவின் அழைப்பும் காரணமாகக் கூறப்படவில்லை. உலகப் புகழை உதறியெறிந்த அந்த உள்ளத்தைக் குழந்தைகளின் குரல் அசைத்தது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் மழலைக் குரல் ஒன்று எப்போது வருவீர்கள் என்று கேட்டால் நெஞ்சில் என்ன நிகழும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

தூஸுக்குத் திரும்பியும் அவர்கள் தனிமையையே நாடினார்கள். ஆனால் பக்தாதின் மத்ரஸாவை விடுவது போல் வீட்டை விட்டுவிட முடியுமா? காலத்தின் நிகழ்வுகளும் குடும்பத்தின் தேவைகளும் வாழ்வாதாரக் கவலையும் கல்வத்தின் தெளிவைக் குலைத்தன என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்கள். அமைதியான நிலை அவ்வப்போது மட்டுமே கிடைத்தது. தடைகள் தள்ளிவிடும், தாம் மீண்டும் திரும்பி வருவார்கள், நம்பிக்கையை மட்டும் ஒருபோதும் விடவில்லை. இந்த வரிகளை ஓதும்போதெல்லாம் நமக்கு வியப்பே மிகுகிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளாக ஆலிம்களின் ஆசானாக விளங்கி வரும் ஒருவர், நம் கடைத்தெருச் சகோதரர் கூறும் அதே குறையைத்தான் கூறியிருக்கிறார்கள்!

இப்போது ஆண்டுகளைக் கணக்கிடுவோம். ஹிஜ்ரி 488-ல் பக்தாதிலிருந்து புறப்பட்டவர்கள், ஹிஜ்ரி 499-ல் (கி.பி. 1106) நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் கற்பிக்கச் சென்றார்கள். இடைப்பட்டவை பதினோரு ஆண்டுகள். அவற்றில் ஷாமில் கழிந்தவை இரண்டுக்கும் குறைவு. ஹஜ்ஜையும் பயணங்களையும் சேர்த்தாலும், பெரும்பகுதி ஊரில் மனைவி மக்களுக்கிடையே கழிந்ததே. எண்ணிக் கூற இயலாத உண்மைகள் தமக்கு வெளிப்பட்டன என்று இமாம் அவர்கள் எழுதுவது, பத்தாண்டு காலம் நீடித்த இந்தத் தனிமைகளின் பலனாகத்தான். மனாராவின் இரண்டு ஆண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து அவர்கள் பேசவில்லை. குழந்தை அழுததும், மாவு தீர்ந்ததும், விருந்தாளி வந்ததும் எல்லா வீடுகளையும் போல் அந்த வீட்டிலும் நிகழ்ந்திருக்கும். அவற்றால் குலைந்து குலைந்து மீண்ட உள்ளத்துக்குத்தான் அந்தத் திறப்பு கிடைத்தது என்று நாம் விளங்குகிறோம்.

இதற்கு இஹ்யா உலூமித்தீனும் துணை நிற்கிறது. நாற்பது கிதாபுகள் கொண்ட அப்பெருநூலில் உண்ணும் ஒழுக்கங்களுக்கு ஒரு கிதாபும் அடுத்து திருமண ஒழுக்கங்களுக்கு ஒரு கிதாபும் உண்டு. நிகாஹ் வைபவங்களில் நாம் அதிலிருந்து சிலவற்றை எடுத்துக் கூறுவது வழக்கம். திருமணத்தின் ஐந்து பலன்களில் இறுதியாக இமாம் அவர்கள் வைத்திருப்பது நஃப்ஸுடன் செய்யும் போராட்டம். மனைவி மக்களின் உரிமைகளை நிறைவேற்றுவதும், அவர்களிடமிருந்து வரும் தொல்லைகளைப் பொறுப்பதும், அவர்களுக்காக ஹலாலைத் தேடுவதும், பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிப்பதும் உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சி என்கிறார்கள். தனித்திருப்பவனுடைய உட்குறைகள் வெளியே தெரிவதில்லை. கோபத்தைத் தூண்டுவார் இல்லாதபோது தன்னிடம் கோபமே இல்லை என்று அவன் எண்ணிக்கொள்வான். பள்ளிவாசலில் சாந்தமாக அமர்ந்திருப்பவர், வீட்டில் சோறு ஆறிவிட்டதற்காகக் குரலை உயர்த்துவாரானால் அவருடைய உண்மையான அளவு எது? நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அதே கிதாபில் வரும் இரண்டு செய்திகள் நம் உள்ளத்தை விட்டு அகலாதவை. அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் போர்க்களத்தில் தோழர்களுடன் இருந்தபோது, தாங்கள் செய்துகொண்டிருப்பதைவிடச் சிறந்த செயல் ஒன்று உண்டு என்றார்கள். தோழர்களுக்கு விளங்கவில்லை. குடும்பமுள்ள, பிறரிடம் கையேந்தாத ஒரு மனிதர் இரவில் எழுகிறார், போர்வை விலகி உறங்கும் தம் பிள்ளைகளைப் பார்க்கிறார், தம் துணியால் போர்த்திவிடுகிறார், அச்செயலே அது என்று விளக்கினார்கள். மற்றொன்று பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களைப் பற்றியது. மணம் முடிக்காமல் வாழ்ந்த அந்த இறைநேசர், இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் தம்மைவிட மேலானவர்கள் என்றார்கள். அதற்குக் கூறிய காரணங்களில் ஒன்று, தாம் தமக்காக மட்டும் ஹலாலைத் தேடுவதாகவும் அவர்களோ தமக்காகவும் பிறருக்காகவும் தேடுவதாகவும் கூறியது.

எல்லோருக்கும் எல்லா நிலையிலும் இல்லறமே மேல் என்று இமாம் கஸ்ஸாலி அவர்கள் ஒரே அடியாகத் தீர்ப்புக் கூறவில்லை. அதன் ஆபத்துகள் மூன்றையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். குடும்பத்துக்காக ஹராமில் விழுவது, வீட்டாரின் உரிமைகளில் குறை வைப்பது, மனைவி மக்களின் நினைவில் அல்லாஹ்வை மறப்பது ஆகியவையே அவை. முதலாவது ஆபத்து நம் காலத்தில் வட்டியின் உருவத்தில் ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறது. மகளின் திருமணத்துக்கென வட்டிக்குக் கடன் வாங்குகிறவர், தாம் குடும்பத்துக்காகத்தானே செய்தோம் என்று ஆறுதல் கொள்ள இந்தக் கிதாபில் இடமில்லை.

இன்னொன்றையும் கூறிவிட வேண்டும். இமாம் அவர்கள் மனாராவில் இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வீட்டுப் பெண்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் நன்மையில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. பயணம் செல்லும் ஆண்கள் இதனை நினைவில் கொள்வார்களாக.

வீட்டில் கழிந்த ஆண்டுகள் இமாம் அவர்களை என்ன செய்தன என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. அவர்களின் சமகாலத்தவரான அப்துல் ஙாஃபிர் ஃபார்ஸீ (ரஹ்) அவர்கள் நைஸாபூரின் ஆலிம். இமாமை இளமையிலும் அறிந்தவர், பிற்காலத்திலும் பலமுறை சென்று சந்தித்தவர். இளமையில் இமாமிடம் இருந்த கடுமையையும், தம் அறிவின் மீதிருந்த பெருமிதத்தையும், பிறரைத் தாழ்வாகப் பார்த்த பார்வையையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆகவே பிற்காலத்துப் பணிவைக் கண்டபோது அது வெறும் நடிப்பாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றார். ஆராய்ந்து பார்த்தபின், அது தம் எண்ணத்துக்கு நேர்மாறாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். புகழ்பாட வந்தவருடைய சொல்லைவிட, ஐயத்துடன் வந்தவருடைய சொல்லுக்கு எடை அதிகம்.

அமைச்சர் ஃபக்ருல் முல்கின் வற்புறுத்தலால் நைஸாபூரில் சிறிது காலம் கற்பித்தபின், இமாம் அவர்கள் மீண்டும் தூஸுக்கே வந்துவிட்டார்கள். வீட்டின் அருகிலேயே மாணவர்களுக்கென ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கென ஒரு கானகாவும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவது, உள்ளத்தைப் பண்படுத்தியவர்களுடன் அமர்வது, பாடம் நடத்துவது என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் கிதாபுகளில் இறுதி நாட்களில் ஆழ்ந்து ஈடுபட்டார்கள்.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14 (கி.பி. 1111 டிசம்பர் 18), திங்கட்கிழமை அதிகாலை ஒளூச் செய்து தொழுதார்கள். பின்னர் கஃபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதனை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிக் கால்களை நீட்டினார்கள். பொழுது விடியும் முன் உயிர் பிரிந்துவிட்டது. இச்செய்தியை அறிவித்தவர், சிறு வயதில் அவர்களுடன் மத்ரஸாவுக்கு அனுப்பப்பட்ட அதே தம்பி அஹ்மது (ரஹ்) அவர்கள். தூஸின் தாபரான் பகுதியில் நல்லடக்கம் நடைபெற்றது. இமாம் அவர்கள் விட்டுச் சென்ற மக்கள் பெண் மக்கள் மட்டுமே. வாரிசுச் சொத்தாலும் சொந்தச் சம்பாத்தியத்தாலும் குடும்பச் செலவுக்குப் போதுமானது அவர்களிடம் இருந்தது. அரசர்கள் கொடுக்க முன்வந்த பொருளை அவர்கள் ஏற்கவில்லை.

அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.