டாக்டர் என்னும் பட்டம்

நம் தலைவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் பெயரை எழுதுங்கால் டாக்டர் என்னும் சொல்லை நாம் விடுவதில்லை. அப்பட்டம் எவ்வாறு வந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

பள்ளியில் தனியே கோணியில் அமர்ந்து, பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் பருகவியலாது வளர்ந்தவர் அவர். தந்தையார் சுபேதார் ராம்ஜி 1913 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவித் தொகையுடன் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1916-இல் இந்தியப் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். ஆயினும் ஆய்வுரை அச்சாகிப் பிரதிகள் வந்தாலன்றிப் பட்டம் வழங்குவதில்லை என்பது அங்கு அந்நாளில் இருந்த விதி. அச்சிடப் பணம் ஏது? நூல் 1925-இல் வெளிவந்தது. பட்டம் 1927-இல்தான் கிடைத்தது.

1916-ஆம் ஆண்டிறுதியில் அவர் இலண்டன் சென்றார். சட்டத்திற்குக் கிரேஸ் இன். பொருளாதாரத்திற்கு இலண்டன் பொருளாதாரக் கல்லூரி. இரண்டையும் ஒருங்கே தொடங்கினார். மறு ஆண்டே உதவித் தொகை முடிவுற்றது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியொன்றே கையிலிருந்தது. போர்க்காலமாதலின், அவர் புத்தகங்களை ஏற்றிவந்த கப்பலை நீர்மூழ்கி மூழ்கடித்தது. பரோடாவில் உத்தியோகம் இருந்தது, தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சியைப் போலத் தங்கினார்; சிலர் தடிகளுடன் வந்து வெளியேற்றினர். இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களில் பயின்றவருக்கு நேர்ந்த வரவேற்பு இது!

1918-இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவும் நண்பர் நவல் பதேனாவும் உதவினர். 1920-இல், தவணை முடிவதற்குள், மீண்டும் இலண்டன் அடைந்தார். காலை முதல் மாலை வரை நூலகம், உணவோ அரைவயிறு. பம்பாய் பரேலில் சிறு குடியிருப்பொன்றில் அன்னை ரமாபாய் குடும்பத்தைத் தாங்கினார். அப்பட்டத்தில் அவ்வம்மையாருக்கும் பங்குண்டு என்பது எம் கருத்து.

1921-இல் எம்.எஸ்சி. பெற்றபின், டி.எஸ்சி. பட்டத்திற்கு ரூபாயின் பிரச்சினையை ஆராய்ந்தார். அரசாங்கம் ரூபாயைத் தன் விருப்பப்படி பெருக்க இடமளிக்கும் நாணய ஏற்பாடு விலைவாசியை நிலைகுலைக்கும். அதன் சுமை எளிய மக்கள்மீது விழும் என்பது அவர் கண்ட முடிவு. கெயின்ஸ் போன்ற பேரறிஞரின் கொள்கையையும் மறுத்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை இவ்வளவு வன்மையாகத் தாக்கியது தேர்வாளர்களுக்கு உறுத்தியது. திருத்தி எழுதும்படி ஆய்வுரை திரும்பி வந்தது. கையிலோ பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். நடையைத் தணித்தாரேயன்றி முடிவுகளை மாற்றவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பட்டம் வழங்கப்பட்டது. ஆசிரியர் எட்வின் கேனன் நூலுக்கு முன்னுரை எழுதினார். சில கருத்துக்களோடு தாம் உடன்படவில்லை என்பதையும் அதிலேயே கூறினார். ஆசிரியரும் மாணாக்கரும் அத்தகையோர். அந்நூலைத் தம் தாய் தந்தையரின் நினைவுக்கு உரித்தாக்கினார் அம்பேத்கர்.

இதற்கிடையே கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றிருந்தார். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணத்திற்கும் நண்பர் பதேனாவே கைகொடுக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகட்குப்பின், 1935-இல், பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வரானார்.

சட்டத்தில் டாக்டர் பட்டத்திற்கென அவர் ஆய்வுரை எதுவும் எழுதியதில்லை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமையால் 1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார்; அடுத்து வந்த பொதுத் தேர்தலிலும் தோல்வியுற்றார். அந்நிலையில், 1952 ஜூன் 5-ஆம் நாள், கொலம்பியா பல்கலைக் கழகம் அவரை நியூயார்க்கிற்கு அழைத்து, இந்திய அரசியலமைப்பை உருவாக்கிய பணிக்காகச் சட்டத்தில் டாக்டர் என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தது. அப்போது அவருக்கு வயது 61.