எஸ். எப். போட்டர் என்ற பெண்

தொலைக்காட்சியில் பங்குச்சந்தைச் செய்தியை ஒரு பெண் வாசித்தால் இன்று யாரும் வியப்பதில்லை. அந்த வழியைத் திறந்தவர்களுள் நான் முதலில் நினைப்பது அமெரிக்கப் பத்திரிகையாளர் சில்வியா போட்டரைத்தான்.

1913இல் பிறந்த அவர், நியூயோர்க் ஹன்டர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. விதவைத் தாயின் 30,000 டொலர் போயிற்று. அது ஏன் போயிற்று என்று அறிய மகள் பொருளியலுக்கு மாறினார்.

1935இல் நியூயோர்க் போஸ்ட் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பண விடயத்தில் பெண்ணின் சொல்லை வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று பெயரை எஸ். எப். போட்டர் எனச் சுருக்கிவிட்டார்கள். பலரும் அவரை ஆண் என்றே எண்ணினார்கள். எனக்கு இதை வாசிக்கவே கோபம் வருகிறது. அவரோ ஒதுங்கிவிடவில்லை. வட்டி, வரி, அரச கடன்பத்திரம் எல்லாவற்றையும் வீட்டுச் செலவைக் கொப்பியில் எழுதும் ஒருவருக்கு விளங்கும்படி எழுதினார். (எங்கள் வர்த்தகப் பாடநூல்களும் அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது!)

1942இல்தான் முழுப்பெயரும் படமும் பத்திரிகையில் வந்தன. பின்னர் நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் அவருடைய பத்தியை வெளியிட்டன. 1960இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவர் முகம் இருந்தது. 1991இல், 77 வயதில் காலமானார்.