பாகூர் வென்ற சேனாதிபதி

ஆயுதத் தொழிலில் தலைநரைத்து விடைபெறும் சேனாதிபதிகளுக்கு மரியாதை செய்து அனுப்புவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். அது நல்ல வழக்கமே. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனை வெறுங்கையோடு அனுப்பும் நாடு நன்றி மறந்த நாடாகும். ஆயினும் அம்மரியாதையைச் செய்பவர் யார், எக்காரியத்தை முன்னிட்டுச் செய்கின்றனர், அதில் யாருக்குரிய பங்கு மறைக்கப்படுகின்றது என்று கேட்பதும் குடிமக்களின் கடமையாகும். இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர்க்கு மேஜர் ஜெனரல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸின் சரித்திரம் மிகவும் உதவும்.

புதுச்சேரி நாட்டின் மேற்கோரத்திலுள்ள மடுகரையிலிருந்து கிழக்கு நோக்கி வயல்வெளிகளினூடே செல்வோர் சில கல் தூரத்தில் பாகூரை அடைவர். பரந்த ஏரியும், சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் அவ்வூரின் அணிகள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்குக் கிராமங்கள் தானமளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்வியால் பெயர் பெற்ற அந்த மண்ணில்தான் 1752-ம் வருஷத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகலந்தனர். அன்று ஆங்கிலேயர் பக்கம் நின்று வென்றவர் லாரன்ஸ்.

இவர் 1697-ம் வருஷத்தையொட்டி இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்தில் பிறந்தவர். பெரிய குடும்பத்துச் செல்வாக்கு இவருக்கு இல்லை. ஜிப்ரால்டரிலும் பிளாண்டர்ஸிலும் ஸ்காட்லாந்திலும் பல்லாண்டு உழைத்தும் உயர்ந்த பதவி கிட்டவில்லை. ஐம்பது வயதில், பிறர் ஓய்வை நாடும் பருவத்தில், கீழிந்தியக் கும்பினியாரின் துருப்புகளை நடத்த மேஜர் பதவியில் அமர்ந்து 1748-ம் வருஷத் தொடக்கத்தில் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் வந்திறங்கினார். அப்பொழுது சென்னப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கும்பினியின் துருப்புகளோ ஒழுங்கற்ற காவற்காரர் கூட்டமாயிருந்தன. அக்கூட்டத்தை அணியணியாக வகுத்துப் பயிற்சி தந்து படையாக்கினவர் லாரன்ஸே. இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் இவரை அழைப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

அவ்வருஷமே இவருடைய யுக்தியும் துணிவும் வெளிப்பட்டன. கடலூரைப் பிடிக்க டூப்ளே படை அனுப்பிய சமயத்தில், லாரன்ஸ் பகலில் ஊர்க்காவலைக் கோட்டைக்குத் திருப்பிக்கொள்வதுபோலக் காட்டி, இருட்டியதும் காவலை மறுபடி நிறுத்திவைத்தார். ஏமாந்து நெருங்கிய எதிரிகள் சூடுபட்டுத் திரும்பினர். பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபொழுது அரியாங்குப்பத்துப் பதுங்குகுழியில் தம்முடைய ஆட்கள் கலைந்தோடியும் இவர் ஓடாது நின்று சிறைப்பட்டார். சமாதானம் ஏற்பட்ட பின்னரே விடுதலை கிடைத்தது. 1749-ல் கொள்ளிடத்து முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடித்தார். அங்கே இவருக்குக் கீழ்ப் போர் பழகிய இளைஞர் ராபர்ட் கிளைவ்.

1750-ல் ஊதியம் பற்றிய மனத்தாங்கலால் தாய்நாடு சென்ற லாரன்ஸ், 1752-ல் திரும்பினார். முற்றுகையில் தவித்த திருச்சிராப்பள்ளியை மீட்டார். ஸ்ரீரங்கத்தில் அடைபட்டிருந்த பிரெஞ்சுப் படை அவரிடம் சரணடைந்தது. பிரெஞ்சுக்காரரை நம்பியிருந்த சந்தா சாகிப் தஞ்சாவூர்ச் சேனையின் கையில் சிக்கித் தலையிழந்தான். லாரன்ஸ் அதைத் தடுக்கவில்லை. அவருடைய கீர்த்தியில் இது ஒரு களங்கம் என்றே சொல்லவேண்டும்.

அதன்பின் நேர்ந்ததே பாகூர்ப் போர். டூப்ளேயின் உறவினரான கெர்ஜான் என்னும் தளபதி கடலூர்ப் பக்கம் இறங்கினார். லாரன்ஸ் சென்னையிலிருந்து கடல்மார்க்கமாக வந்து அவரை எதிர்த்தார். கெர்ஜான் பின்வாங்கி வில்லியனூர்ப் பக்கத்தில் புதுச்சேரியின் எல்லைவேலிக்குள் ஒதுங்கிக்கொண்டார். எல்லையைக் கடந்து தாக்க லாரன்ஸுக்கு அநுமதி இல்லை. ஆகவே அஞ்சினவர்போலப் பாகூருக்குத் திரும்பினார். டூப்ளேயின் தூண்டுதலால் கெர்ஜான் பின்தொடர்ந்து வந்து பாளையமிறங்கினார். விடிவதற்கு முன் லாரன்ஸின் படை நகர்ந்தது. முதலில் மோதியவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்களே. பொழுது புலரும் வேளையில் இரு தரத்து வெள்ளையரும் துப்பாக்கி ஈட்டிகளைக் கொண்டு நேருக்கு நேர் பொருதனர். பிரெஞ்சு அணியின் நடு முறிந்தது. கெர்ஜானே கைதியானார். பீரங்கிகள் பறிபோயின. டூப்ளேயின் கனவு அன்றே தளர்ந்தது. இரண்டு வருஷங்களில் அவரைப் பிரெஞ்சுக் கும்பினியார் திருப்பியழைத்துக்கொண்டனர்.

இனி, 1753-54 வருஷங்களில் திருச்சிராப்பள்ளியில் நடந்த நீண்ட யுத்தத்தைக் கவனிப்போம். சிறு படையைக் கொண்டு பெரும் படையை லாரன்ஸ் பன்முறை முறியடித்தார். ஆனால் வயிற்றுக்கு அரிசியில்லாமல் எந்தப் படையும் நில்லாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தானிய மூட்டைகளை எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்தவர்களுள் முதல்வன் கான்சாகிப் எனப்படும் முகம்மது யூசுப்கான். இராமநாதபுரச் சீமையில் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்த தமிழன் இவன் என்பர். ஒரு சமயம் துபாஷி ஒருவன் புனைந்த பொய்க் கடிதத்தால் இவன்மீது துரோகக் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறையிலும் இருந்தான். விசாரணையில் உண்மை வெளிவந்து விடுதலையானான். லாரன்ஸ் இவனுடைய வீரத்தை மனமாரப் பாராட்டினார். இவன் சிப்பாய்ப் படைகளுக்குக் கமாண்டெண்ட் ஆனான். கும்பினியார் தங்கப்பதக்கமும் அளித்தனர்.

1758-ம் வருஷக் கடைசியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபொழுது கோட்டைக்குள் நின்று காத்தவர் லாரன்ஸ். கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்து அவர்களைத் தூங்கவிடாது அலைக்கழித்தவன் யூசுப்கான். ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். இவ்வெற்றி இருவருக்கும் பொதுவானது.

ஆனால் வெகுமதி பொதுவாயில்லை. கிளைவுக்கு வைரப்பிடி வாள் வழங்கக் கும்பினியார் முன்வந்தபொழுது, தம்முடைய தளபதி லாரன்ஸுக்கும் அவ்வாறே வழங்கினாலன்றித் தாம் பெறுவதில்லை என்று கிளைவ் மறுத்தார். கும்பினியார் இணங்கினர். கிளைவ் தம் சொந்தப் பணத்திலிருந்து பழைய தலைவருக்கு வருஷந்தோறும் 500 பவுன் கொடுத்தும் உதவினார். கிளைவின் பிற செய்கைகளை நாம் எவ்வளவு கண்டித்தாலும், இந்தக் குருபக்தியைக் கண்டிக்க இயலாது. லாரன்ஸ் உயிரோடிருக்கும்பொழுதே ரோமானியத் தளபதியின் உடையில் அவருடைய சலவைக்கல் உருவம் லண்டனில் கும்பினி மாளிகையில் வைக்கப்பட்டது. 1761-ல் மேஜர் ஜெனரலாகச் சென்னைக்குத் திரும்பினார். 1766-ல் சகல மரியாதைகளோடும் விடைபெற்று இங்கிலாந்து சேர்ந்தார். 1775 ஜனவரியில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் கும்பினியார் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் திருச்சிராப்பள்ளியின் தோற்றமே செதுக்கப்பட்டிருக்கிறது. பாக் நீரிணைக்குத் தம் பெயரைத் தந்த ராபர்ட் பாக், நண்பரின் நினைவாக 1788-ல் டெவன் நாட்டுக் குன்றொன்றின்மீது கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது.

யூசுப்கானுக்குக் கிடைத்தது என்ன? மதுரையையும் திருநெல்வேலியையும் திறமையாக ஆண்டு வந்த அவனை ஆர்க்காட்டு நவாபுக்கு அடிபணியச் சொன்னார்கள். மறுத்து எழுந்தான். லாரன்ஸ் சென்னையில் தலைமைச் சேனாதிபதியாயிருந்த அதே காலத்தில் கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. உள்ளிருந்தோர் துரோகத்தால் பிடிபட்ட அவனை 1764 அக்டோபர் 15-ம் தேதி தூக்கிலிட்டார்கள். மதுரைச் சம்மட்டிபுரத்திலுள்ள தர்கா ஒன்றே அவன் நினைவைக் காக்கிறது. தங்கப்பதக்கம் பெற்ற கழுத்திலேயே தூக்குக்கயிறும் ஏறிற்று.

பிரெஞ்சுக்காரர் செய்கையும் இதற்குக் குறைந்ததன்று. டூப்ளே வறுமையில் 1763-ல் மாண்டார். லாலியை, லாரன்ஸ் மரியாதையோடு வீடு திரும்பிய அதே 1766-ம் வருஷத்தில், பாரிஸ் நகரில் சிரச்சேதம் செய்தனர். வென்றவனுக்குச் சிலை, தோற்றவனுக்குக் கத்தி, அந்நியனுக்கு உழைத்துப் பின் தன்மானம் கொண்ட சுதேசிக்குக் கயிறு: வியாபாரக் கும்பினிகளின் நன்றி இவ்வளவே.

லாரன்ஸ் வீரர், கடமை தவறாதவர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாகூரில் விடியுமுன் முதலில் மோதிய சிப்பாய்களின் பெயர்கள் எங்கே? எந்தச் சலவைக்கல்லிலும் அவை இல்லை. தமிழர் வழக்கம் இதற்கு மாறானது. ஆநிரை மீட்டு மாண்ட சாதாரண வீரனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்தனர் நம் முன்னோர். செங்கம் பகுதியின் நடுகற்கள் இன்றும் சாட்சி சொல்லுகின்றன. தலைவனுக்கு மட்டும் மாலையிட்டுத் தொண்டனை மறப்பது நம் மரபன்று.

பாகூரில் பொருத இரு வல்லரசுகளும் போய்விட்டன. 1954 மார்ச்சில் மடுகரையை உள்ளிட்ட நெட்டப்பாக்கம் கொம்யூன் பிரெஞ்சு ஆட்சியை உதறியது. நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி முழுவதன் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. 2019-ல் புதுடில்லியில் திறக்கப்பட்ட தேசிய யுத்த நினைவகத்தில், சுதந்திர இந்தியாவுக்காக உயிர்நீத்த 25,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பதவி வேற்றுமையின்றிக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நடுகல் மரபுக்கு இது புத்துயிர் என்றே கருதுகிறோம். விடைபெறும் சேனாதிபதிகளுக்கு நாடு மனமுவந்து மரியாதை செய்க. அம்மாலையில் ஒரு மலராவது பெயர் தெரியாத சிப்பாய்க்கும் உரியது என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.