நாவலர் பெருமானும் நம் மாணாக்கரும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆந் தேதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றிய ஆறுமுகநாவலர் அவர்களை அறியாதார் நம்முள் இலர். அவர்தம் சமயத்தொண்டைப் பலரும் விரித்தெழுதியுள்ளனர். பழைய நூல்களிலே மனஞ்செல்லாத இளைஞரை அவற்றின்பால் அவர் ஆற்றுப்படுத்திய வகையே ஈண்டுக் கூறப்படுவது.

சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் கற்றவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமாயினார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றதும் அக்காலத்திலேயாம். ஆங்கிலங் கற்றால் உத்தியோகமுண்டு, புராணங் கற்றால் யாதுண்டு என்று பிள்ளைகள் எண்ணிய காலம் அது. அவர்களை மட்டும் நோவதிற் பயனில்லை. நூல்களோ பனையோலையிலே கிடந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, சொற்கள் பிரிவதில்லை, வாக்கியம் எங்கே முடிகின்றதென்பதும் தெரிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைக் கண்டு ஓடாமல் வேறென் செய்வான்?

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலே மிஷன் ஊதியத்தை உதறிவிட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. வீடுதோறும் பிடியரிசி சேர்த்து அதனை நடத்த வேண்டியிருந்தது. 1849 இலே தமிழகஞ் சென்று அச்சியந்திரங் கொணர்ந்தார். நாவலர் என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியதும் அப்பயணத்திலேதான்.

அவ்வியந்திரத்தால் விளைந்ததே பெரும்பயன். பாலபாடங்கள் படிமுறையாய் வெளிவந்தன. சிறு வாக்கியத்திலே தொடங்கிய பிள்ளை படிப்படியே நீண்ட வசனத்துக்கு ஏறினான். நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் அமைந்த பெரியபுராணம் 1852 இலே வசனமாயிற்று. சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, கண்ணப்பரையும் திருநாளைப்போவாரையும் எளிய நடையிலே அவர் நிறுத்தியபோது, செய்யுளுக்கு அஞ்சிய மாணாக்கன் கதைக்காக வாசித்தான். வாசித்தவன் தன் முன்னோர் வறுமையிலும் கொள்கை வழுவாது நின்றதை ஆசிரியர் சொல்லாமலே கண்டான். அடித்துப் புகட்டிய பாடம் இவ்வாறு நிற்பதில்லையென்பதை ஆசிரியத்தொழிலிலுள்ள யாம் நன்கறிவோம்.

சாதி பற்றிய அவர்தம் கொள்கை நமக்கு உடன்பாடன்று. திருநாளைப்போவார் சரிதத்தை வீடுதோறுங் கொண்டுசேர்த்தவரே அதனை விடாதிருந்தமை வியப்பே.

1872 இலே ஆங்கிலப் பாடசாலையொன்றையும் வண்ணார்பண்ணையிலே திறந்தார். உத்தியோகத்துக்கு வேண்டிய கல்வியையும் தன்மொழி, தன்சமயம் விடாது பெறலாமென்பது அவர் கருத்து. போதிய பொருளுதவியின்மையாற் சில ஆண்டுகளிலே அது மூடப்பட்டது. 1879 டிசம்பர் 5 இலே அவர் மறைந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றியது 1890 இலே.