இருளின் எல்லையைக் கணித்த இளைஞர்

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தின் அருகே, முழுநிலாக் காலத்து இரவுகளில் தோணியை அசையாது நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியைச் செவியிற் பொருத்திக் கேட்போர்க்கு நீரடியிலிருந்து மெல்லிய இசையொன்று எழுந்து வரும் என்பர். பாடும் உயிர் யாது என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு; ஓசை உண்டென்பதில் ஐயமில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அதன் விளைவினால் அறியும் இந்நெறியே, இக்கால வானநூலின் வியத்தகு முடிபொன்றுக்கும் அடிப்படையாயிற்று. ஒளியும் தப்பிச் செல்ல இயலாத பேரீர்ப்புடைய கருந்துளையைப் பற்றியதே அம்முடிபு. அதனை நோக்கிய பாதையில் முதற்கற்களை நாட்டியோருள் ஒருவர் தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது அவர் பெயர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், தந்தையார் புகையிரதக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்த இலாகூர் நகரிற் பிறந்தார். தாயார் சீதாலட்சுமி, நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் ஆக்கித் தந்த கல்விச் செல்வி. பௌதிக மேதை சேர். சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார். குடும்பம் 1918ஆம் ஆண்டிற் சென்னைக்குப் பெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாகாணக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், மாணவராய் இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளியிட்டார்.

1930ஆம் ஆண்டில் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது. தாயார் அவ்வேளை கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், அன்னையோ, தம் பொருட்டு அவர் கல்வி தடைப்படலாகாது என்று உறுதியாய் நின்று வழியனுப்பினார். சூலை 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறிய மகன் தாயை மீண்டும் காணவில்லை. மறு ஆண்டிலேயே அவ்வம்மையார் மறைந்தார்.

அக்கடற் பயணத்திலேதான், 19 வயதில், சந்திரசேகர் தம் புகழ்பெற்ற கணிப்பைத் தொடங்கினார். விண்மீன் ஒவ்வொன்றும் இருவகை விசைகளின் சமநிலையால் வாழ்வது. அதன் ஈர்ப்பு உள்நோக்கி அழுத்துகிறது. உள்ளே பிறக்கும் வெப்பத்தின் அமுக்கம் வெளிநோக்கித் தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்ததும் விண்மீன் சுருங்குகிறது. சூரியனையொத்த விண்மீன் பூமியளவினதாய்ச் சுருங்கி, வெண்குறுமீன் என்னும் நிலையை அடையும். அந்நிலையில் அதனைத் தாங்குவது வெப்பமன்று. நெருக்குண்ட இலத்திரன்களின் எதிர்ப்பே. எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாய் முடிவுறும் என்று அக்கால அறிஞர் கருதியிருந்தனர்.

இளைஞர் ஒரு வினாவை எழுப்பினார். அத்துணை நெருக்கத்தில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகுமாதலின், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு சேர்த்தபோது வியப்பூட்டும் விடை கிடைத்தது. திணிவு கூடக்கூட இலத்திரன்களின் எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் நலிகிறது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய எதுவும் வெண்குறுமீனாய் நிலைபெற முடியாது. சந்திரசேகர் எல்லை என இன்று உலகம் வழங்குவது இதுவே.

எல்லையைக் கடந்த விண்மீனின் கதி யாது? 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் வானநூற் கழகக் கூட்டத்தில் தம் முடிவை அவர் விரித்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். இளைஞரின் ஆராய்ச்சியை அருகிருந்து கேட்டறிந்து வந்தவரும் அவரே. ஆயினும் அன்று அவர் அம்முடிவை நகைப்புக்கு இடமாக்கினார். விண்மீன் அவ்வாறு ஒடுங்கிப் போவதை இயற்கையே தடுத்துவிடும் என வாதித்தார். அவை சிரித்தது. கணக்கிற் பிழையில்லை என்று தனிமையில் ஒப்புக்கொண்ட பௌதிக அறிஞர்களும் வெளிப்படையாய் எழுந்து சொல்ல முன்வரவில்லை. அப்போது சந்திரசேகருக்கு வயது 24.

அவர் வசைக்கு வசை தொடுக்கவில்லை. 1936ஆம் ஆண்டில் தம்முடன் கல்லூரியிற் பயின்ற லலிதாவை மணந்தார். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யேர்க்ஸ் வானாய்வகத்திற் பணியேற்றார். தம் முடிவை 1939ஆம் ஆண்டில் ஒரு நூலில் முறைப்பட எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையை ஐயந்திரிபறக் கற்று, பெருநூலொன்று யாத்து, அதனை விட்டு அடுத்ததற்குச் செல்வது அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று. எடிங்டனிடம் மதிப்புக் குன்றாதிருந்த அவர், அவரைப் போற்றி நூலும் எழுதினார். விஞ்ஞானம் பயின்ற அறிவால் பண்டை யாழை ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூல் தந்த நம் காரைதீவு விபுலாநந்த அடிகளைப் போன்று, கணிதத்தையும் கலையையும் ஒருங்கே போற்றியவர் சந்திரசேகர். சேக்சுபியரும் பீத்தோவனும் அவர் நெஞ்சில் நியூற்றனோடு ஒக்க வீற்றிருந்தனர்.

அறுபது வயதைக் கடந்தபின் அவர் கருந்துளைக் கணிதத்துக்குத் திரும்பினார். அதுபற்றிய பெருநூல் 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோபல் பரிசும் அவ்வாண்டிலேயே வந்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் சிக்காகோவில் அவர் மறைந்தார்.

இனி, சான்றைக் காண்போம். ஆனி, ஆடி மாதத்து இரவுகளில் வாவிக்கரையில் நின்று தென்வானை நோக்குவோர், தேளின் வாலில் மூல நட்சத்திரத்தையும் அதன் கிழக்கே தனு இராசியையும் காண்பர். அவ்விரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வீதியின் நடுவிடம் உள்ளது. இடைப்பட்ட தூசு அதனைக் கண்ணுக்கு மறைப்பதால், அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஜெர்மனியின் ரைன்காட் கென்செல் குழுவினரும் அமெரிக்காவின் ஆந்திரேயா கெஸ் குழுவினரும் பல்லாண்டுகள் அங்குள்ள விண்மீன்களைத் தொடர்ந்து நோக்கினர். அவற்றுள் ஒன்று, ஒளிகாணாத ஓரிடத்தைச் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. மிக நெருங்கும்போது வினாடிக்கு 7,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைகிறது. அவ்வேகத்தைக் கணித்தால், அச்சிறு இடத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் சூரியர்களின் திணிவு அடங்கியிருத்தல் வேண்டும். கருந்துளையன்றி வேறெதுவும் இதற்குப் பொருந்தவில்லை. 2020ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இவ்விருவரும் பங்கு பெற்றனர். 2022ஆம் ஆண்டில் அக்கருந்துளையின் நிழலுருவமே வானொலித் தொலைநோக்கிகளால் வரைந்து காட்டப்பட்டது.

இத்துணைப் பெருங் கருந்துளை தோன்றியவாறு இன்னும் ஆராயப்படுகிறது. அது தனியொரு விண்மீனின் இறப்பால் மட்டும் விளைந்ததன்று. எனினும், ஈர்ப்பின் முன் இலத்திரன்களின் எதிர்ப்பும் நில்லாத நிலையுண்டு என்று எண்ணாற் காட்டிய தொடக்கக் கணிப்புகளுள் ஒன்று அக்கப்பற் கணிப்பாகும். 1999ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே சூட்டினர். அடுத்த ஆண்டில், பால்வீதியின் நடுவிலிருந்து திடீரென வெடித்தெழுந்த ஊடுகதிர்ச் சுடரொன்றை அது கண்டறிந்தது.

1935ஆம் ஆண்டில் அந்த அவையில் ஒருவரேனும் எழுந்து, கணக்கைக் கணக்கால் ஆராய்வோம் என்று சொல்லியிருப்பின், வானநூல் பல ஆண்டுகளைப் பயனின்றிக் கழித்திராது. நம் வகுப்பறைகளிலும் ஆசிரியர் எதிர்பாராத விடையோடு மாணவர் ஒருவர் எழுந்து நிற்கும் நாள் வரும். அன்று அவர்தம் வயதை நோக்காது, அவர் கரும்பலகையில் எழுதிய வரிகளை முதலில் வாசித்துப் பார்ப்பது ஆசிரியர் கடன்.