கல்லில் உறைந்த மீன்களும் லூயி அகாசியும்

ஓர் அறிஞர் அரும்பாடுபட்டுத் தேடிய சான்றுகளே பின்னாளில் அவரது கொள்கையைப் பொய்ப்பித்துவிடுவதுண்டு. மீன் உயிர்ச்சுவடு ஆய்வின் முன்னோடியான லூயி அகாசியின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1807ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த அகாசி, மருத்துவம் கற்றவர். ஆயினும், அவரது நாட்டம் மீன்களின்பாலே சென்றது. பிரேசிலிலிருந்து ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்ட மீன்களை ஆராய்ந்து 1829இல் நூலொன்றை வெளியிட்டார். 1833 முதல் 1843 வரை வெளிவந்த ஐந்து தொகுதிகளில், அழிந்துபோன 1,000க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரித்தார். பாறைகளில் கிடைத்த ஒருவகைப் பற்களுக்கு செரடோடஸ் எனப் பெயரிட்டவரும் அவரே. 1846இல் அமெரிக்கா சென்ற அவர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1859இல் அங்கு ஒப்பீட்டு விலங்கியல் அரும்பொருட்காட்சியகத்தை நிறுவினார்.

ஒவ்வோர் உயிரினமும் அது வாழும் பிரதேசத்திலேயே தனியாகப் படைக்கப்பட்டது என்பது அகாசியின் உறுதியான நிலைப்பாடாகும். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. மனிதரையும் வெவ்வேறு தோற்றமுடைய இனங்களாகப் பிரித்து, கறுப்பின மக்களைத் தாழ்வாக மதிப்பிட்டார். அடிமை முறையை நியாயப்படுத்தியோருக்கு அக்கருத்து துணைபோனதை நாம் மறந்துவிடலாகாது.

1870இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வாழும் நுரையீரல் மீனொன்றை ஜெரார்ட் கிரெஃப்ட் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பற்கள், அகாசி பெயரிட்ட செரடோடஸ் பற்களை ஒத்திருந்தன. 1873இல் அகாசி காலமானார்.

இன்று நுரையீரல் மீன்கள் தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் நன்னீரில் மட்டுமே வாழ்கின்றன. பெருங்கடலைக் கடக்கவியலாத இவை மூன்று கண்டங்களை அடைந்தது எவ்வாறு? விடையைப் பாறைகளே தருகின்றன. செரடோடஸ் பற்கள் ஐரோப்பாவிலும் இந்தியாவின் தக்காணப் பகுதியிலும் கிடைத்துள்ளன. கண்டங்கள் ஒன்றிணைந்திருந்த காலத்தில் இம்மீன்கள் எங்கும் பரவியிருந்தன. நிலம் பிரிந்தபோது அவையும் பிரிந்தன. பல இடங்களில் அழிந்து, சிலவிடங்களில் எஞ்சின. கண்டங்கள் நகர்ந்தன என்ற கருத்தை அல்பிரட் வெகனர் 1912இல் முன்வைத்தார்.

இன்று வாழும் இடமே ஓர் உயிரினத்தின் ஆதி இருப்பிடம் எனக் கொள்வது தவறென்பதையே இம்மீன்கள் உணர்த்துகின்றன. அகாசியின் உழைப்பைப் போற்றுவோம்; அவரது பிடிவாதத்திலிருந்தும் பாடம் கற்போம். அறிஞரின் புகழைவிடச் சான்றே பெரிது.