மேட்லாக் குளிரில் ஒரு கும்பகோணத்துக்காரர்

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்று சங்கச் செயலாளர் கேட்டதும் ஹாஸ்டல் மெஸ் கதைகள்தான் ஞாபகம் வந்தன. அவற்றை என்னைவிட நன்றாக எழுத ஆள் இருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில், டார்பி நகரில். இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் மேட்லாக் என்ற மலையோர ஊர். வந்த முதல் வருடம் டிசம்பரில், நாலு மணிக்கே இருட்டிவிடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூமில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அங்கே போனேன். கணித மேதை ராமானுஜன் அந்த ஊர் சானடோரியத்தில் நோயாளியாகப் படுத்திருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் அவர் எனக்குக் கணக்கு வாத்தியார் இல்லை, கூடப் படித்த சீனியர் மாதிரி.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் நாம் அறிந்ததே.

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். அதற்குமுன் குடுமியை எடுத்தாக வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்று அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணம் அனுப்பிவிட்டார். வழியனுப்ப இருவருமே இல்லை!

டிரினிட்டி கல்லூரியில் சாப்பாடு பெரும் பிரச்சினை. சுத்த சைவம். மெஸ்ஸில் உட்காராமல் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். வந்து நாலு மாதத்தில் உலகப்போர் மூண்டது. நல்ல காய்கறி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. ஹார்டி உயிர் நண்பர்தான், ஆனாலும் பேச்சு பெரும்பாலும் கணக்கைச் சுற்றியே.

ஒருமுறை நண்பர் மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) பார்க்கப் போனார். ராமானுஜன் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்குவதாகச் சொன்னார். கம்பளிகள் கட்டிலில் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை! சிரிப்பு வரும். வீட்டை விட்டு வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு சம்பவம். நண்பர்களை அழைத்துத் தன் கையால் விருந்து சமைத்தார். மூன்றாவது முறை பரிமாற வந்தபோது விருந்தினர் போதும் என்றார்கள். மனுஷர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். சில நாள் கழித்துத்தான் திரும்பினார். நம்ம ஊரில் பரிமாறுகிற கை வேறு, மனசு வேறு இல்லையே.

ஊரிலும் நிம்மதி இல்லை. மாமியார் மருமகள் மனத்தாங்கலில் அவர் கடிதங்கள் ஜானகி கைக்குப் போய்ச் சேரவில்லை. 1917-ல் உடம்பு விழுந்தது. சானடோரியம் மாறி சானடோரியம். சிகிச்சை என்ற பெயரில் குளிர்காற்றில் வாசம். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் முன் விழுந்தார். வண்டி சமயத்தில் நின்றதால் பிழைத்தார். அதே ஆண்டு மே மாதம் எப்.ஆர்.எஸ். பட்டம், அக்டோபரில் டிரினிட்டி பெலோஷிப். உலகம் கொண்டாடிய அதே வருடம்தான் அவர் உயிரை வெறுத்த வருடமும்.

1919-ல் ஊர் திரும்பும் முன், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. தன் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கும்படி எழுதினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. படுத்த படுக்கையிலும் ஜானகி பக்கத்தில் இருக்க, கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். அந்தத் தாள்கள் 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் அகப்பட்டன.

என் கதைக்கு வருகிறேன். அந்த முதல் வருடம், போனில் அம்மா கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன்மா என்று பொய் சொன்னேன். ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். நம் கல்லூரி சீனியர் ஒருவர், எனக்கு எட்டு வருடம் மூத்தவர், எப்படியோ நம்பர் பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணி ரசம் சாதம் போட்டார். மூன்றாவது முறையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதம் இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சீனியர்களே, உங்கள் ஊருக்கு நம் பிள்ளை யாராவது வந்திருந்தால் ஒரு போன் போடுங்கள், ஒருவேளை சோறு போடுங்கள். ஜூனியர்களே, கஷ்டமாக இருந்தால் கஷ்டம் என்று சொல்லுங்கள். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராமானுஜனுக்கே குளிர்ந்தது.